பன்னிரண்டாம் எண் கார்

மான்ட்ரியல் மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ழான்-த்ராப்போ நிலையத்தில் இறங்கி நடந்தால் நோத்ர்-தாம் தீவு வரும். பந்தயம் இல்லாத நாட்களில் அங்குள்ள ஃபார்முலா ஒன் தடத்தில் யாரும் சைக்கிள் விடலாம். புறப்படும் கோட்டருகே தரையில் 'சலூ ஜில்' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறார்கள். 'வணக்கம் ஜில்' என்று அர்த்தம். இந்தத் தீவே மெட்ரோ தோண்டிய மண்ணையும் கொட்டி, 1967 உலகக் கண்காட்சிக்காக உண்டாக்கியதுதான்.

1978 அக்டோபர் 8. இந்தத் தடத்தில் முதல் பந்தயம். நல்ல குளிர். லோட்டஸில் முன்னால் போய்க்கொண்டிருந்த ழான்-பியர் ஜாரியே, எண்ணெய்க் கசிவால் பாதிக்கு மேல் ஓடியபின் நின்றுவிட்டார். 70 சுற்றும் முடிந்தபோது முதலில் கோட்டைத் தாண்டியது பன்னிரண்டாம் எண் ஃபெராரி. ஓட்டியவர் இதே க்யூபெக்கின் பெர்த்தியேவில்லில் வளர்ந்து, பனிச்சறுக்கு மோட்டார் பந்தயங்களில் பேர் வாங்கிய ஜில் வில்நெவ். ஃபார்முலா ஒன்னில் அவருக்கு அதுதான் முதல் வெற்றி. மேடையில் பிரதமர் பியர் த்ரூடோ. ஷாம்பெயினுக்குப் பதில் லபாட் பீர்.

காரின் பெயர் 312 டி3. மூன்று லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், குறுக்காகப் பொருத்திய கியர்பெட்டி: பெயரின் விளக்கம் அவ்வளவுதான். வடிவமைத்தவர் மௌரோ ஃபோர்கியேரி. எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் ரிவெட் அடித்த அலுமினியத் தகடு, மேலே ஃபைபர் கிளாஸ். இந்த ரகம் முதலில் ஓடியது 1978 மார்ச்சில், தென் ஆப்பிரிக்காவின் கியாலாமியில். 1979 மார்ச்சில் அதே கியாலாமியில் டி4 வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆக மொத்தம் ஓராண்டுப் பிழைப்பு. அதற்குமேல் இது நிற்கவேண்டும் என்று செய்தவர் யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். நம் வீட்டு மிக்ஸிக்குக்கூட இரண்டு வருட உத்தரவாதம் தருகிறார்கள்.

இப்படிப்பட்ட காரைக் காப்பாற்றுவது என்றால், சாகச் செய்த ஒன்றைச் சாகவிடாமல் பிடித்து வைப்பது. எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். அந்தக்காலப் பந்தயக் கார்களில் எடை குறைக்க மெக்னீசியம் வார்ப்புகளை நிறையப் போட்டார்கள். ஈரத்தில் அதன்மேல் விபூதி பூத்ததுபோல் வெள்ளைப் பொடி படியும். தேய்த்தால் பொடியோடு பழைய பாதுகாப்புப் பூச்சும் போய்விடும். மார்கழி முதல் பங்குனிவரை சாலையெல்லாம் உப்பு தூவும் இந்த ஊரில் என் சொந்தக் காரின் அடிப்பகுதியைப் பார்க்கிறவன் என்பதால், ஈரம் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் இந்தப் பழைய கார்களின்மேல் அழுத்தக் குழாயால் தண்ணீர் அடிப்பதில்லை. சக்கர பேரிங்குக்குள்ளும் ஒயர் முடிச்சுகளுக்குள்ளும் அது புகுந்துவிடும். மென்மையான துணி, தூரிகை, காது குடையும் பஞ்சுக்குச்சி. ஒரு ரிவெட் தலையைச் சுற்றிய அழுக்கை எடுக்கக் கை பத்து தடவை சுற்றவேண்டும். விளம்பர ஒட்டுக்கு அருகே வந்ததும் கை தானாக நிதானிக்கும். அதன் ஓரம் பிய்ந்தால் பிய்ந்ததுதான். முன்மூக்கில் கல் தெறித்து உரிந்த வண்ணத்துக்குச் சிலர் புதுவண்ணம் அடித்துவிடுகிறார்கள். அது காரைக் காப்பது ஆகாது, காரைப்போல ஒன்றைச் செய்வது என்பேன்.

துடைத்து நிறுத்திவிட்டாலும் வேலை முடியாது. பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் பைக்குப் பந்தய விதிகளில் பொதுவாக ஐந்தாண்டுதான் ஆயுள், ஓடினாலும் ஓடாவிட்டாலும். நின்ற இடத்திலேயே நின்றால் டயர் ஒருபக்கம் தட்டையாகும். எஞ்சினை அவ்வப்போது கையால் சுற்றி வைக்காவிட்டால் உள்ளே இறுகிவிடும். கோயில் தேரைத் தகரக் கொட்டகையில் மூடிவைத்தால் போதும் என்று நினைத்த ஊர்களில் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். சக்கரமும் அச்சும் உளுத்து, பிறகு புதுமரம் போட்டு, வடம் பிடித்து வெள்ளோட்டம் விட்டார்கள்.

இங்கும் ஒரு வெள்ளோட்டம் நடந்தது. ஜில் 1982 மே 8 அன்று பெல்ஜியத்தின் சோல்டரில் நடந்த விபத்தில் இறந்தார். அந்த ஆண்டே மான்ட்ரியல் தடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். முதல் வெற்றி கண்டு நாற்பதாண்டு ஆனதையொட்டி, 2018 ஜூன் பந்தயத்தின்போது அவர் மகன் ஜாக், பின்னாளில் உலக சாம்பியன் ஆனவர், 312 டி3-ஐ இதே தடத்தில் ஓட்டினார். அந்தப் பந்தயத்தில் ஃபெராரியின் செபாஸ்டியன் வெட்டல் ஜெயித்தார்.

இப்படி ஓடித் திரும்பும் பழைய கார் எதிலும், சக்கரத்துக்குப் பின்னால் தகட்டில் புதுத் தார்த்தூசியும் டயர் துணுக்கும் ஒட்டியிருக்கும், பழைய அழுக்கின்மேலேயே. துணியோடு குனிகிறவர் முதலில் எதைத் துடைப்பது என்று பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே நிற்பார்.