ஹுவாஹினேத் தீவின் தெய்வ விலாங்குகள்

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவது விலாங்கு என்பது நம் நாட்டு வழக்கு. இரு பக்கத்தாரிடமும் நல்லவனாக நடிப்பவனை இகழவே அப்பெயரை நாம் எடுத்தாளுகிறோம். ஆயினும் அவ்விலாங்கையே தெய்வத்தன்மை உடையதாகப் போற்றும் மக்களும் உலகில் உளர்.

பசிபிக் மாக்கடலில், தாஹித்திக்கு வடமேற்கே, ஹுவாஹினே என்னும் சிறு தீவு உள்ளது. காப்டன் குக் 1769-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இங்கு வந்திறங்கினார். இத்தீவிலுள்ள ஃபாயே என்னும் சிற்றூரின் ஓடையில் நீலக் கண்களையுடைய பெரு விலாங்குகள் வாழ்கின்றன. அவற்றுள் சில ஓர் ஆள் நீளத்துக்கு வளர்வன. ஊரார் அவற்றைக் கொல்வதில்லை. மீன்துண்டுகளை இட்டுப் பேணுகின்றனர். புதியவர் ஒருவர் ஓடையில் இறங்கினாலும் அவை அஞ்சி ஓடுவதில்லை. இரை நாடி அருகே வருகின்றன.

இம்மதிப்பை ஒட்டி ஒரு பழங்கதை வழங்குகிறது. ஹினா என்னும் அழகியை விலாங்கரசன் ஒருவனுக்கு மணம் பேசினர். அஞ்சிய அவள் மாவுயி என்னும் வீரனிடம் அடைக்கலம் புகுந்தாள். அவன் விலாங்கைக் கொன்று, அதன் தலையை இலையில் பொதிந்து அவளிடம் தந்தான். வழியில் அவள் அதனை மண்மீது வைத்துவிட, அவ்விடத்தில் முதல் தென்னை முளைத்ததாம். தேங்காயின் முக்கண்ணைக் கண்டால் நமக்குச் சிவபெருமான் நினைவு வரும். அம்மக்களோ அதனை விலாங்கின் இரு கண்களும் வாயும் என்பர்.

1797-இல் லண்டன் மிஷன் பாதிரிமார் தாஹித்தியில் இறங்கினர். 1818-இல் ஹுவாஹினேயிலும் நிலைகொண்டனர். தீவினர் கிறித்தவராயினர். அண்டை ஊராகிய மாயேவாவின் கற்கோயில்களில் பழைய வழிபாடு ஓய்ந்தது. ஆனால் ஓடையில் வாழும் உயிர்க்கு மதிப்பு ஓயவில்லை. கோயிலை இழந்த கதை, மக்கள் கைப்பிடி இரையிலே உயிர் பிழைத்தது.

விலாங்கின் வாழ்வும் வியப்புக்குரியதே. அதனிடம் முட்டையைக் காணாத அரிஸ்டாட்டில், அது மண்ணினின்று தோன்றுவதாக எண்ணினார். ஐரோப்பிய விலாங்கு அட்லாண்டிக் மாக்கடலின் சர்காசோப் பகுதியில் பிறக்கிறது என்பதை டென்மார்க்கு அறிஞர் யோஹன்னஸ் ஷ்மிட் 1922-இல் வெளியிட்டார். ஹுவாஹினே விலாங்கும் கடலிற் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாய் ஆறு ஏறி, பல்லாண்டு அங்கே வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே மீண்டு மடிவது.

தமிழ்நாட்டு ஆறுகளிலும் இவ்வினம் உண்டு. அது எவரையும் ஏமாற்றுவதன்று. பிறந்த கடலும் வளர்ந்த ஆறும் ஆகிய இரண்டுக்கும் உரியது. பிறந்த ஊர் ஒன்றும் பிழைக்கும் ஊர் ஒன்றுமாக வாழும் நாம் அதனை இகழ்தல் தகுமோ? நம் குழந்தைகளுக்கு அப்பழமொழியைச் சொல்லும்போது, ஃபாயே ஊரின் கதையையும் சேர்த்துச் சொல்வோமாக.