அசையும் உடலும் அசையாப் படமும்

உடலின் உட்புறத்தைப் படமாக்கும் கலையின் வரலாறு, ஒருவகையில், அசைவோடு அறிஞர் நடத்திய போராட்டத்தின் வரலாறேயாகும். 1895 டிசெம்பரில் ஜெர்மானிய அறிஞர் றொண்ட்ஜன் தம் மனைவியின் கையை எக்ஸ் கதிராற் படமெடுத்தபோது, அக்கை நெடுநேரம் அசையாதிருக்க வேண்டியதாயிற்று. கையை அங்ஙனம் வைத்திருத்தல் இயலும். இதயத்தை நிறுத்திவைத்தல் இயலுமோ?

1971 ஒக்டோபரில், ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த கருவி இலண்டனில் நோயாளி ஒருவரின் மூளையை முதன்முதலாகக் குறுக்குவெட்டாகக் காட்டிற்று. ஒவ்வொரு வெட்டுக்கும் சில நிமிடங்கள் சென்றன. அதே ஆண்டில், முன்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியராய் விளங்கிய ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் கூடி, பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களினின்றும் உள்ளுருவைக் கணித்தறியும் விரைவான முறையொன்றை வெளியிட்டார். அவ்விருவர் பெயரின் முதலெழுத்துக்களால் அது இன்றும் 'ராம்-லாக்' என வழங்குகின்றது.

ஆயின், இத்தகைய கணிதம் யாவும் ஒரு நிபந்தனையை உடையன. முதற் கோணத்திற் கண்ட உடலே இறுதிக் கோணத்திலும் மாறாதிருத்தல் வேண்டும். இடையே தலை சிறிது திரும்பினும் நிழல்கள் தம்முள் முரணும். படத்திற் பொய்க்கோடுகளும் இரட்டை விளிம்புகளும் தோன்றும். இல்லாத நோய் உள்ளதாகவும், உள்ள நோய் இல்லாததாகவும் மயங்க இடமுண்டு. காந்த அதிர்வுப் படமோ இதனினும் பொறுமை வேண்டுவது. 1977 இல் டமாடியன் குழுவினர் எடுத்த முதல் மனித உடற்படத்திற்கு ஏறத்தாழ 5 மணி நேரம் சென்றது.

இவ்விடரைத் தீர்க்க இரு வழிகள் எழுந்தன. ஒன்று, பட்டியாலும் மூச்சடக்கத்தாலும் மயக்க மருந்தாலும் உடலை அடக்குதல். மற்றது, உடலின் அசைவை அறிந்து அதற்கேற்பக் கருவியை இயக்குதல். மார்பில் ஒட்டிய மின்வாய்கள் இதயம் ஓய்ந்திருக்கும் கணத்தை உணர்த்தின. வயிற்றிற் கட்டிய காற்றுத் துருத்தி மூச்சின் ஏற்றத்தாழ்வை அறிவித்தது. அம்மரபின் வழிவந்தனவே தலையில் அணியும் இக்காலச் சிற்றுணரிகள். அவை தலையின் பெயர்ச்சியை இடையறாது அளந்து கூற, கருவி தன் வெட்டுத்தளத்தையும் உடன் மாற்றிக்கொள்ளும். குறையும் உண்டு. முடுக்கத்தை அளக்கும் உணரியினின்று இடத்தைக் கணிக்க இருமுறை தொகுத்தல் வேண்டுமாதலின், சிறு பிழையும் விரைந்து பெருகும். வலிய காந்தத்தினுட் செல்லும் உணரியில் இரும்பும் இருத்தலாகாது.

இவை இன்னும் எல்லா வைத்தியசாலைகளிலும் வழக்கிற்கு வந்தில. எனினும், கெலிஓயாவிலிருந்து பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்குத் தாய் ஒருத்தி தூக்கிச் செல்லும் குழந்தையை எண்ணுக. அசையாதே என்னும் கட்டளை அதற்கு விளங்காது. அதனை மயக்காமலே மெய்ப்படம் பெறுதற்கு இவ்வழி துணைசெய்யுமாயின், அதுவே இம்முயற்சியின் பெரும்பயனாகும்.