நீர் சுற்றிய திரிகை



என் பாட்டி திரிகையில் உளுந்து உடைப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுழலும். நடுக்குழியில் இட்ட தானியம் உடைந்து விளிம்பின் வழியே உதிரும். அந்தக் கல்லை மனிதக் கைக்குப் பதிலாக நீர் சுற்றினால் அதுவே நீராலை.

பிரான்சு நாட்டின் தெற்கே, ஆர்ல் நகருக்கு அருகில் பார்பெகல் எனும் இடம் உள்ளது. அங்கே உரோமானியர் செங்குத்தான சரிவில், வரிசைக்கு எட்டாக இரு வரிசைகளில் 16 நீர்ச்சக்கரங்களை அமைத்தனர். கால்வாய் வழியே வந்த நீர், மேலுள்ள சக்கரத்தில் விழுந்து தன் எடையால் அதனைச் சுழற்றும். பின்பு அதே நீர் அடுத்த சக்கரத்திற்கு இறங்கும். நீர்ச்சக்கரத்தின் அச்சு படுக்கையாகவும் அரைகல்லின் அச்சு செங்குத்தாகவும் இருப்பதால், இரண்டையும் பற்சக்கரங்கள் இணைத்தன. இத்தகைய பொறியைக் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே விட்ருவியசு எனும் உரோமானியக் கட்டடக் கலைஞர் தம் நூலில் விளக்கியுள்ளார்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். "அடிமைகள் குறைந்ததால்தான் உரோமானியர் நீராலைக்கு மாறினர்" என்று பல ஆண்டுகள் மாணவர்களுக்குக் கற்பித்தேன். 1930களில் அங்கு அகழாய்வு செய்த பெர்னாண்டு பெனுவா, அவ்வாலையைப் பேரரசின் பிற்காலத்தது எனக் கணித்திருந்தார். அது அந்த விளக்கத்திற்குப் பொருந்தியது. பிந்தைய ஆய்வுகளோ, அது கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே இயங்கியதெனக் காட்டின. அடிமைகள் ஏராளமாக இருந்த காலம் அது! என் எளிய விளக்கம் சரிந்தது.

அவ்வாலையின் மரச்சக்கரங்கள் மட்கிவிட்டன. ஆனால் அவற்றின்மேல் நீர் விட்டுச்சென்ற சுண்ணப் படிவு, மரத்தின் வரிகளோடு எஞ்சியது. 2018இல் வெளியான ஆய்வு, அப்படிவின் அடுக்குகளைப் படித்து, ஆலை ஆண்டுதோறும் சில மாதங்கள் நின்றிருந்ததைக் கண்டது. நகர மக்களின் அன்றாட ரொட்டிக்கு ஆண்டு முழுதும் மாவு வேண்டும். ஆகவே, கப்பலோட்டிகளுக்கான உலர்ந்த ரொட்டிக்கே அங்கு மாவு அரைத்திருக்கலாம் என அவ்வாய்வாளர்கள் கருதுகின்றனர்.

அடுத்த வகுப்பில், "நான் முன்பு சொன்னது தவறு" என்றேன். மாணவர்கள் வியப்புடன் பார்த்தனர். அன்று கேட்ட கேள்விகளோ வழக்கத்தைவிட மிகுதி. வரலாற்றுப் பாடத்தில் "இதற்குச் சான்று என்ன?" என்று உங்கள் பிள்ளை கேட்டால், அருள்கூர்ந்து அடக்காதீர்கள். வரலாறு தன்னைத் திருத்திக்கொள்வது அக்கேள்வியால்தான்.