பேஜ்மேக்கர்: புதிய கணினிகளில் இயக்குதல்

பேஜ்மேக்கர் என்பது நூல், இதழ், அழைப்பிதழ் முதலியவற்றின் பக்கங்களைக் கணினித் திரையிலேயே அமைப்பதற்கான மென்பொருள். 1985இல் வெளிவந்தது, கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வந்தது 2001இல். 2004இல் இதன் வளர்ச்சிப் பணி நிறுத்தப்பட்டது. ஆனால் இதில் அமைத்த கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால், இதற்கென அமைக்கப்படாத புதிய கணினிகளில் இதை இயக்க வேண்டிய தேவை தொடர்கிறது. தமிழ் அச்சகங்களிலும் பதிப்பகங்களிலும் இத்தேவை மிகுதி.

தோற்றம்

செய்தித்தாள்களுக்கான பக்க அமைப்புக் கணினிகளைச் செய்த ஏடெக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர் பால் பிரெயினெர்டு. அங்கிருந்த பொறியாளர்கள் சிலருடன் 1984இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆல்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். வெனிஸ் நகரில் கையடக்க நூல்களையும் சாய்வெழுத்தையும் அச்சுக்குக் கொண்டுவந்த ஆல்டஸ் மனூசியஸ் நினைவாக நிறுவனத்துக்குப் பெயர் வைத்தார். டெஸ்க்டாப் பப்ளிஷிங் (டி.டி.பி.) என்ற பெயரும் அவர் சூட்டியதே.

1985இல் மூன்று பொருள்கள் ஒன்றுசேர்ந்தன: ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி, அதனுள் இயங்கிய, அடோபி நிறுவனத்தின் பக்க விவரிப்பு மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட், மெக்கின்டாஷ் கணினிக்கான பேஜ்மேக்கர். 6,995 டாலர் விலையுள்ள லேசர்ரைட்டர் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் அச்சிட்டது. அதற்குள் தனிச் செயலியும் 1.5 மெகாபைட் நினைவகமும் இருந்தன; அது இணைக்கப்பட்ட மெக்கின்டாஷில் 512 கிலோபைட்தான். பக்கத்தை உருவாக்கும் கடினமான கணக்கை அச்சுப்பொறி செய்தது, கணினி கட்டளை மட்டும் அனுப்பியது. அச்சுப்பொறியை விட்டுப் பிரியாத இந்தப் பழக்கம் பேஜ்மேக்கரிடம் கடைசிவரை நீடித்தது. இன்று அது தரும் தொல்லைகள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1987இல் பி.சி. கணினிகளுக்கான பதிப்பு வந்தபோது விண்டோஸ் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஆகவே ஆல்டஸ் நிறுவனம் விண்டோஸின் சுருக்க வடிவம் ஒன்றையும் உடன் சேர்த்தே விற்றது. தனக்கு வேண்டிய இயங்குதளத்தைத் தானே சுமந்து வந்த மென்பொருள் இது. இன்றைக்கும் அதற்கு ஒத்துவருவது அந்த ஏற்பாடுதான். 1994இல் அடோபி நிறுவனம் ஆல்டஸை வாங்கியது. 1999இல் இன்டிசைன் என்ற தன் சொந்தப் பக்க அமைப்பு மென்பொருளை வெளியிட்ட பிறகு பேஜ்மேக்கர் மீது அதன் அக்கறை குறைந்தது.

தமிழில்

பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்குரிய 8 பிட் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த ஃபாண்டுகள் மூலமே தமிழ் அதற்குள் நுழைந்தது. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடுக்குமுறை வைத்துக்கொண்டது. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியீடுகளைத் தரமாக அறிவித்தும் அச்சகங்கள் பழகிய ஃபாண்டை விடவில்லை. டி.டி.பி. மையங்களில் தட்டச்சான நூல்கள், பாட நோட்டுகள், மலர்கள் யாவும் இவ்வகை எழுத்தில்தான் உள்ளன. ஃபாண்டை நீக்கினால் திரையில் மிஞ்சுவது பொருளற்ற ரோமன் எழுத்துகளே.

இயங்காமைக்குக் காரணங்கள்

பேஜ்மேக்கர் 5 விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் மென்பொருள். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஏற்பதில்லை. 7.0 போன்ற 32 பிட் பதிப்புகள் பெரும்பாலும் திறந்துவிடும். இடர்ப்பாடு அதன் பிறகுதான். போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறி ஒன்று இயல்பு அச்சுப்பொறியாக இல்லாவிட்டால், பி.டி.எஃப். எடுப்பது முதல் வரி முறிவு வரை எல்லாமே தடுமாறும். உண்மையான அச்சுப்பொறி தேவையில்லை. போஸ்ட்ஸ்கிரிப்ட் இயக்கி ஒன்றை நிறுவி, அதன் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிட்டாலே போதும். அமைப்புகளைச் சேமிக்க நிர்வாகி உரிமையையும் பேஜ்மேக்கர் கேட்கும். இணைத் துறையில் (பேரலல் போர்ட்) செருகும் வன்பொருள் பூட்டுடன் விற்ற தமிழ் ஃபாண்ட் தொகுப்புகள், அத்துறையே இல்லாத மடிக்கணினிகளில் முடங்கிப்போகின்றன.

மெக்கில் நிலைமை இன்னும் கடுமை. பேஜ்மேக்கர் ஓஎஸ் எக்ஸுக்கு மாற்றப்படவே இல்லை. பழைய நிரல்களுக்கான கிளாசிக் சூழல் இன்டெல் மெக்குகளிலும், 2007இல் வந்த லெப்பர்ட் என்ற ஓஎஸ் எக்ஸ் பதிப்பிலும் இடம்பெறவில்லை. ஷீப்ஷேவர் போன்ற போன்மிகளே (எமுலேட்டர்) அங்கு வழி.

வழிகள்

சிறந்த முறை மெய்நிகர்க் கணினி, அதாவது கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினி. விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது விஎம்வேரில் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, அதற்குள் பேஜ்மேக்கர், ஃபாண்டுகள், போஸ்ட்ஸ்கிரிப்ட் இயக்கி மூன்றையும் வைத்துவிட்டால், வெளியே உள்ள கணினி எத்தனை முறை மாறினாலும் உள்ளே உள்ளது மாறாது. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலில் நின்றுவிட்டதால் அதை இணையத்தோடு இணைக்கக் கூடாது. விண்டோஸ் 11இலேயே இணக்க முறையில் ஓட்டுவது அவசரத்துக்கு உதவும்; நூல் வேலைக்கு நம்பத்தக்கதன்று.

கோப்பை மாற்றுவது இரண்டாம் வழி. இன்டிசைன் சி.எஸ். 6 வரை, பேஜ்மேக்கர் 6.0 முதல் 7.0 வரையிலான கோப்புகளைத் திறந்தது. அதன்பின் வந்த பதிப்புகள் திறப்பதில்லை. லிப்ரே ஆபீஸ் 4.4 முதல் அதன் டிரா செயலியில் திறக்கலாம்; பக்க அமைப்பு ஓரளவே தேறும். தமிழ் வாசகத்தை மட்டும் வெளியே எடுத்து என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவிகளால் யூனிகோடாக்கலாம். ஃபாண்ட் இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பேஜ்மேக்கர் மாற்று ஃபாண்டைப் பரிந்துரைத்து, தற்காலிகமா நிரந்தரமா என்று கேட்கும். நிரந்தரம் என்று தேர்ந்து சேமித்துவிட்டால் மூல ஃபாண்டின் பெயரே கோப்பிலிருந்து அழிந்துவிடும். எந்த அடுக்குமுறையில் தட்டச்சானது என்பதற்கான தடயமும் போய்விடும்.

இன்றைய நிலை

சி.எஸ். 6 முதல் இன்டிசைன் தமிழ் யூனிகோடை ஏற்கிறது. புதிய பணிகள் அதற்கு மாறிவருகின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பு கிடையாது; ஆகவே பேஜ்மேக்கர் 5 போன்ற 16 பிட் நிரல்களுக்கு அதில் நேரடியாக இடமில்லை. பழைய கோப்புகளை வைத்திருக்கும் பதிப்பகங்கள் அவற்றின் ஃபாண்டுகளையும் நிறுவு குறுந்தகடுகளையும் சேர்த்தே படியெடுத்து வைப்பதும், நூலின் வாசகத்தை யூனிகோடில் ஒரு படி எடுத்துவைப்பதும் உடனடியாகச் செய்ய வேண்டிய வேலை.