செப்புக் காசில் விடையவன்



பெருவிழா நாள்களில் நிகழும் திருக்காட்சிகளுள் இடப வாகனக் காட்சி தனிச் சிறப்புடையது. விடைமேல் அம்மையுடன் அப்பன் வீதிவலம் வருங்கால் நம் கைகள் தாமே குவிகின்றன. சங்க நூல்களின் கடவுள் வாழ்த்துகளிலும் திருமுறைகளிலும் விடையுடைப் பெருமானைக் காண்கின்றோம். ஏட்டில் மட்டுமன்றி, சந்தையிலே கைமாறிய செப்புக் காசிலும் அக்கோலம் பொறிக்கப்பட்டிருந்த வரலாற்றை இன்று சிந்திப்போம்.

காந்தாரம், பஞ்சாப் முதலிய வடமேற்குப் பகுதிகளில் கனத்த செப்புக் காசுகள் பல கிடைத்துள்ளன. அவற்றுள் பெயர் அறியாத ஒன்று நம் கைக்கு வருவதாகக் கொள்வோம். அதனை இன்னார் காசு எனத் துணிவது எங்ஙனம்?

முதற்கண் செய்யத்தகாதது ஒன்றுண்டு. பூசைப் பாத்திரத்தைத் துலக்குவதுபோல் புளியிட்டுத் தேய்த்தல் கூடாது. பச்சைக் களிம்புடன் எழுத்தின் நுண்ணிய கோடுகளும் நீங்கிவிடும். பளபளப்பு வரும், வரலாறு போய்விடும்.

அடுத்து எடை பார்த்தல் வேண்டும். நாம் கூறும் காசின் பெரிய வகை ஏறத்தாழ 17 கிராம், அதாவது ஒன்றரைத் தோலாவுக்குச் சற்றே குறைந்தது. பின்னர் உருவம். ஒரு புறத்தில் உயர்ந்த தொப்பியும், நீண்ட தடித்த அங்கியும், காலணியும் பூண்ட அரசன் நின்று, சிறு வேள்விப் பீடத்தில் வலக்கையால் ஆகுதி இடுகின்றான். அவன் அருகே சூலம் நாட்டப்பட்டுள்ளது. இவ்வுடை கங்கைக் கரைக்கு உரியதன்று; நடுவாசியக் குளிர்நாட்டுக் குதிரை வீரர் உடை. மறுபுறத்தில் வலக்கையில் சூலம் ஏந்திய தெய்வம் நிற்க, அதன் பின்னே விடை நிற்கின்றது.

இவ்வளவு கண்ட அளவில் முடிவு கூறலாகாது. சூலமும் விடையும் பல மன்னர் காசுகளில் உள. ஆதலின் எழுத்தை நோக்குதல் வேண்டும். அரசன் நிற்கும் புறத்தில் கிரேக்க எழுத்து. விடை நிற்கும் புறத்தில் வலமிருந்து இடமாகச் செல்லும் கரோஷ்டி எழுத்து. மறந்துபோயிருந்த இக்கரோஷ்டியை 1830-களில் ஜேம்ஸ் பிரின்செப் முதலிய அறிஞர்கள் படித்தறிந்ததும், இருமொழி பொறித்த இத்தகைய காசுகளின் துணையாலேயே ஆம். ஒருபுறம் கிரேக்கத்தில் உள்ள அரசன் பெயரே மறுபுறம் கரோஷ்டியில் இருந்தமையின், தெரிந்த எழுத்தைக் கொண்டு தெரியாததை உணர்ந்தனர்.

அவ்வெழுத்துகள் தரும் பெயர் வீம கட்பீசஸ் என்பது. இவன் குஷாணர் குலத்தவன், கனிஷ்கனுடைய தந்தை. இவ்வுறவு முறையை ஆப்கானிஸ்தானத்தின் ரபாதக் என்னுமிடத்தில் 1993-இல் கிடைத்த கல்வெட்டு உறுதிப்படுத்தியது. கனிஷ்கன் ஆட்சி கி.பி. 127-இல் தொடங்கிற்று என்பது இன்று பலர் கொள்ளும் முடிபு. எனவே வீமனின் காசு 1,900 ஆண்டுகட்கு முற்பட்டது. கனிஷ்கன் முதலாகக் கரோஷ்டி எழுத்து குஷாணர் காசுகளினின்றும் நீங்கியது. ஆகவே தேய்ந்த காசாயினும், இவ்வுருவங்களுடன் விடையின் புறத்தில் கரோஷ்டியின் சுவடு தெரியுமாயின் அது வீமனுடையது எனத் துணியலாம்.

இனி, இக்காசு நமக்குச் சொல்வது யாது? கரோஷ்டி வாசகம் அரசனைப் பேரரசன், அரசர்க்கு அரசன், எல்லா உலகிற்கும் ஈசுவரன், மஹீச்வரன் எனப் புகழ்கின்றது. இறுதிச் சொல்லைக் கண்டவுடன், “மகேசுவரனுக்கு அடியவன் என்று அரசனே கூறிக்கொண்டான்” என மகிழ்பவர் உளர். “மஹீ என்பது நிலம், நிலத்துக்குத் தலைவன் என்பதே பொருள்” என்பாரும் உளர். கரோஷ்டி குறில் நெடில் வேறுபாட்டை முறையாகக் காட்டாது. ஆதலின் இச்சொல் ஐயத்துக்கு இடமாகின்றது. அன்றியும் வீமனின் காசில் தெய்வத்தின் பெயர் எழுதப்படவில்லை. கனிஷ்கன் காலத்துக் காசுகளில் இத்தகைய தெய்வத்தின் அருகே ‘ஒஏஷோ’ என்னும் பெயர் உளது. அது ஈசன் பெயரின் திரிபு என்பர் சிலர். ஈரானியர் வழிபட்ட காற்றுத் தெய்வத்தின் பெயர் என்பர் வேறு சிலர்.

இம்மாறுபாடு கண்டு அன்பர் வருந்துதல் வேண்டா. ஐயத்துக்கு உரியதை உறுதியெனக் கூறிச் சமயத்தை உயர்த்த முயல்வது பத்தியன்று. உண்மையே உருவான இறைவனுக்கு மிகையான சாட்சி எதற்கு? பெயரில் ஐயம் நிற்பினும், சூலமும் விடையும் ஒருங்கே அமைந்த கோலம் அக்காலத்தே அங்கு வழங்கியதில் ஐயமில்லை. கனிஷ்கன் காசுகளில் கதிரவன், திங்கள், நனா என்னும் தேவி, புத்தர் எனப் பல உருவங்கள் உள. வீமனின் செப்புக் காசுகளிலோ இவ்வொரு தெய்வமே நிற்கின்றது. நெடுந்தொலைவினின்று வந்த குலத்தில் தோன்றிய மன்னன், தன் உடையை மாற்றாமலே இக்கோலத்தைத் தன் காசுக்கு உரியதாகக் கொண்டான்.

மேலும் ஒன்று எண்ணத்தக்கது. வீமன் பொற்காசும் மிகுதியாக வெளியிட்டான். பொன் செல்வர் பேழையிலும் பெருவணிகர் பையிலும் தங்குவது. செம்போ உப்பும் எண்ணெயும் வாங்குவார் கையில் உலவுவது. பொன்னில் நின்ற பெருமானே செம்பிலும் நின்றான். கருவறையில் உறையும் மூர்த்தி, தேடி வர இயலாத முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் காட்சி தர விடையேறி வீதிக்கு வருகின்றான் அல்லவா? எளியார் கைக்குச் செப்புக் காசில் சென்றதும் அத்தகையதே.

ஆதலின் பழங்காசு ஒன்று கிடைப்பின் அதனைத் தேய்த்து அழியாமலும், உருக்கக் கொடாமலும், அறிந்தாரிடம் காட்டி உண்மை உணர்வீர்களாக. பழமையைக் காப்பதும் திருப்பணியே ஆகும்.

திருச்சிற்றம்பலம்.