பீலிக்கரைத் தீர்ப்புகள்

பார்த்த படம் நன்றாக இருந்தது, இல்லை என்று வாய்விட்டுச் சொல்வது பெரிய காரியமாக யாருக்கும் படுவதில்லை. கைப்பேசியில் படம் முடிந்த கையோடு நட்சத்திரம் போட்டுவிட்டு நகரும் இந்தக் காலத்தில் அது இன்னும் சின்னதாகத் தெரிகிறது. ஆனால் இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில், மீரியபெத்த, பூனாகலை, கொஸ்லாந்தை, ஹப்புத்தளை மலைகளில், அந்த ஒரு சொல்லுக்குத் தனி எடை உண்டு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையக மக்கள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களாலும் வாக்கை இழந்தார்கள். 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தபோதும் அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியாக எஞ்சியவர்களின் நாடற்ற நிலை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. அபிப்பிராயம் கேட்கப்படாத ஒரு சனத்தால், யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொல்ல முடிந்த இடங்களில் கூத்தும் பாட்டும் படமும் முக்கியமானவை. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்குள் படம் வந்து சேர்ந்த கதையை இந்தப் பக்கமிருந்து எழுத வேண்டும் என்பதே என் வாதம். எந்தப் படம் வந்தது, எந்தப் பெட்டியில் வந்தது என்பதைவிட, அதைப் பார்த்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இங்கே பெரிய வரலாறு.

அந்தப் பேச்சு சினிமாவோடு தொடங்கியதல்ல. திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிமாரோடு வந்தவர்கள் மூன்று பெரிய கூத்துகளைக் கொண்டுவந்தார்கள்: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். மாசி மாதத்தில் கம்பம் நட்டு, தப்பு முழங்க, மன்மதனையும் ரதியையும் ஆடவைத்து, சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரிப்பதோடு உச்சம் தொடும் காமன் கூத்தில் கதை யாருக்கும் புதிதல்ல. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் பார்வையாளருக்கு இல்லை. எனவே அவர் கவனம் முழுவதும் எப்படி ஆடினார்கள், யார் குரல் எடுபட்டது, எந்த அடியை விட்டுவிட்டார்கள் என்பதில்தான் நிற்கும். கதை தெரிந்த கூட்டம்தான் கறாரான கூட்டம். இதே பண்டிகையின் இன்னொரு முகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகையையொட்டி லாவணி பாடுவார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று இரவெல்லாம் பாட்டிலேயே வழக்காடுவார்கள். பார்த்ததைப் பற்றி எதிர்க்கட்சி கட்டி வாதாடுவது அங்கே பண்டிகையின் ஒரு பகுதி. அந்தப் பண்டிகையோடு கடல் கடந்தவர்கள் அந்த வழக்காடும் குணத்தைக் கடல் கடக்குமுன் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாமில் விட்டுவிட்டு வந்திருக்க மாட்டார்கள்.

ரேடியோ அந்தக் குணத்துக்கு ஒரு முகவரி கொடுத்தது. 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தமிழில் திரைப்பாட்டைக் கொட்டியது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் வீட்டுக் குரல்களாயின. படம் பார்க்க டவுனுக்குப் போக முடியாதவர்களும் பாட்டைக் கேட்டு, வசனத்தைக் கேட்டு, படத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். விருப்பப் பாடலுக்குத் தபாலட்டை போடுவது சின்ன விசயமாகத் தோன்றலாம். ஆனால் தோட்டத்துக்கு வரும் தபாலே துரையின் ஆபீஸ் வழியாக வந்த காலம் அது; பல தோட்டங்களில் லயத்துக் காம்பராவுக்கென்று தனி முகவரி இன்றும் இல்லை. வாக்காளர் இடாப்பில் இல்லாத ஒரு பெயர், தோட்டத்தின் பெயரோடு சேர்ந்து கொழும்பிலிருந்து உரக்க வாசிக்கப்பட்டு மலைக்குத் திரும்பி வந்தது. இதை வெறும் ரசிக மோகம் என்று தள்ளிவிட முடியாது. எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கும் என்று ஊரறியச் சொல்லி, தன் பெயரையும் பதிய வைத்த செயல் அது.

பதுளை, பண்டாரவளைத் தியேட்டர்களில் தமிழகப் படங்களே ராஜ்ஜியம் செய்தன. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் உருவாகி இறக்குமதியைத் தன் கையில் எடுத்தபின் அவற்றின் வரவு சுருங்கியது. அந்த இடைவெளியில் இலங்கைத் தமிழ்ப் படங்கள் சில வந்தன. அவற்றில் 1975இல் வெளியான 'புதிய காற்று' இந்த வரலாற்றுக்கு முக்கியம். தொழிற்சங்கத் தலைவரான வி.பி. கணேசன் தயாரித்து, எஸ். ராமநாதன் இயக்கிய அந்தப் படம் தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதுவரை மதுரையையும் சென்னையையும் திரையில் பார்த்து, அது சரியா தவறா என்று ஊகித்தே பேசிய மலையகப் பார்வையாளர், இப்போது தனக்குத் தெரிந்ததை வைத்து நியாயம் சொல்லலாம். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் எங்கே படியும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் யார் முன்னே நிற்பார், கணக்கப்பிள்ளை எந்தத் தொனியில் அதட்டுவார் என்பதில் அவர்களைவிடத் தகுதியான விமர்சகர் உலகில் இல்லை.

பிறகு 1983 ஜூலைத் தமிழர் விரோத வன்முறை. பதுளை டவுனும் எரிந்தது. தமிழ்ப் படங்களை வளர்த்த கே. குணரத்தினத்தின் ஹெந்தலை விஜயா ஸ்டூடியோ கொளுத்தப்பட்டு, படச்சுருள்கள் சாம்பலாயின. இரவில் டவுனுக்கு இறங்கிப் படம் பார்த்துத் திரும்புவது தமிழனுக்கு அச்சமான காரியமாகிவிட்ட அதே ஆண்டுகளில்தான் பெட்டியும் வீட்டுக்குள் வந்தது. 1979இல் முதல் தொலைக்காட்சி, 1982இல் ரூபவாஹினி, கூடவே வாடகை டெக்கும் கசட்டும். மின்சாரம் எட்டாத லயங்களில் கார் பெட்டரியை டவுனுக்குச் சுமந்து சார்ஜ் ஏற்றிவந்து பார்த்தார்கள். வீட்டிலிருந்தே படம் பார்ப்பது மற்ற இடங்களில் வசதியின் கதை. மலையகத்தில் அது பாதுகாப்பின் கதையும்கூட.

இங்கே ஒரு மறுப்பு எழும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து பார்த்ததும் சேர்ந்து பேசியதும் விரும்பிச் செய்ததா? ஒரு பெட்டிக்கு இருபது பேர் கூடியது வறுமை. அதைப் பண்பாடு என்று கொண்டாடுவது லயத்தையே கொண்டாடுவதாகாதா? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. லயம் மனிதர் வாழத்தக்க இடமல்ல, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நெருக்கடி ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழுவதைத்தான் விளக்கும். விழுந்த பேச்சு வாதமாக வளர்ந்ததை அது விளக்காது. லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் படம் முடிந்த மறுநாள் காலை, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அதே வாதம் தொடர்ந்ததென்றால், கூரையும் சுவரும் அதற்குக் காரணமல்ல.

இன்னொரு குறையை நானே சொல்ல வேண்டும். பழைய அரங்குகளில் பெண்ணின் தீர்ப்புக்கு இடம் குறைவு. கூத்தில் ரதி வேடமும் ஆண் கட்டியதே. இரவுக் காட்சிக்கு டவுனுக்குப் போனவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அந்த நிலையை மாற்றியது வீட்டுப் பெட்டி. 1998இல் தொடங்கிய சக்தி தொலைக்காட்சி, அதன்பின் கூரைக்குக் கூரை முளைத்த டிஷ் ஆகியவற்றின் வழியாகச் சென்னைத் தொடர்கள் லயத்துக்குள் வந்தன. அவற்றை அறிவாளிகள் ஏளனம் செய்தார்கள். ஆனால் மருமகளுக்கு நடந்தது நியாயமா, அவள் ஏன் பொறுத்துப்போகிறாள் என்ற விசாரணையை நிரையில் நின்று கொழுந்து பறித்தபடியே நடத்தியவர்கள் பெண்கள். நாள் முழுக்க உழைத்து, பறித்த கிலோ குறைந்தால் அரை நாள் கூலிக்கு அரைப் பேர் என்று எழுதப்படுகிறவர்களுக்கு, யாருடைய உழைப்பு எப்படி மதிக்கப்படுகிறது என்ற கேள்வி தொடரோடு முடிகிற கேள்வியல்ல.

இன்று படம் இணையத்தின் வழியே கைக்கு வந்துவிட்டது. 2016இல் நெட்ஃபிளிக்ஸ் இலங்கைக்கும் திறந்தது. சந்தாவும் டேட்டாவும் தோட்டத்துக் கூலிக்கு எட்டுமா என்று கேட்பது சரியான கேள்வி. நாட்கூலி 1000 ரூபாவைத் தொட 2021 வரை போராட வேண்டியிருந்தது. எனவே ஒரு கைப்பேசியில் நாலு பேர் குனிந்து பார்ப்பதும், யூடியூபில் கிடைப்பதைப் பார்ப்பதுமே பலருக்கு நடைமுறை. இந்த நிறுவனங்கள் வைத்திருக்கும் கணக்கு தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோல் மாதிரி: ஒரு பெயர், ஒரு எண், அவ்வளவுதான். ஒரு கணக்கின் பின்னால் நாலு பேர் பார்த்தார்கள், நாலு விதமாகச் சண்டை போட்டார்கள் என்பது அதில் ஏறாது. தேயிலைத் தோட்ட அடிமை வாழ்வைக் காட்டிய பாலாவின் 'பரதேசி' 2013இல் வந்தபோது தமிழகப் பத்திரிகைகளில் எழுதப்பட்ட விமர்சனங்களுக்கு அளவில்லை. அந்த வாழ்வின் இலங்கைக் கிளையில் பிறந்தவர்கள் அதைப் பார்த்துச் சொன்னது அச்சேறவே இல்லை என்று சொல்லலாம்.

மண் சரிந்து ஆட்கள் சாகும் இடத்தில் படத்தைப் பற்றிய பேச்சுக்கு என்ன மதிப்பு என்றும் கேட்பார்கள். இதுவே கடுமையான மறுப்பு. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்த லயங்கள் மண்சரிவில் புதைந்தன. அந்த நிலம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்தது, போய்க் குடியேற இடம் வரவில்லை. சரிவுக்குப் பிறகு கமராக்கள் வந்தன. அதுவரை பிறர் கதையைப் பெட்டியில் பார்த்து நியாயம் பேசியவர்கள், நாட்கணக்கில் பெட்டிக்குள் மற்றவர்கள் பார்க்கும் கதையானார்கள். அழுகை ஒளிபரப்பானது. 2005லிருந்து அவர்கள் என்ன சொல்லிவந்தார்கள், எங்கே போகக் கேட்டார்கள் என்பதற்கு அந்த நேரத்தில் கிடைத்த இடம் சொற்பம். ஆகவே இரண்டையும் வேறு வேறாக நான் பார்க்கவில்லை. இந்த மக்களின் தீர்ப்பு படத்தைப் பற்றியதானாலும் நிலத்தைப் பற்றியதானாலும் பதியப்படுவதில்லை என்பதே ஒரே குறை. சின்ன விசயத்தில் பதிவு செய்யத் தெரியாத சமூகம் பெரிய விசயத்தில் மட்டும் காது கொடுக்கும் என்று நம்ப எனக்கு ஆதாரம் இல்லை.

மலைநாட்டு மக்களின் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்தார். கூத்துகளைப் பற்றி மாத்தளை வடிவேலன் எழுதினார். பாடியவர்களும் ஆடியவர்களும் அப்படி ஓரளவு காப்பாற்றப்பட்டார்கள். பார்த்தவர்களின் வாதங்களைத் திரட்டும் வேலை மிச்சமிருக்கிறது. தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் பல்கலைக்கழகம் போன தோட்டத்துப் பிள்ளைகளும் ஒரு கைப்பேசிப் பதிவோடு இதைத் தொடங்கிவிடலாம். சென்னைத் தொடர்கள் முதலில் வந்த நாட்களில் நிரையில் நின்ற பெண்களில் பலர் இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார்கள். முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.