உருளைக்கிழங்கைக் கருக்கிய நோய்

ஆண்டிஸ் மலைவாழ் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு உண்ட உருளைக்கிழங்கு, பதினாறாம் நூற்றாண்டில் இசுபானியரின் கப்பல்களில் ஐரோப்பாவுக்கு வந்தது. தொடக்கத்தில் ஐயத்தோடு நோக்கிய ஐரோப்பியர் நாளடைவில் அதனை விரும்பி ஏற்றனர். அயர்லாந்து நாட்டு ஏழை உழவரோ அதனையன்றி வேறு உணவு அறியாத நிலையை அடைந்தனர். நிலக்கிழாரின் வயலில் உழைத்து, அவ்வுழைப்புக்கு ஈடாகக் குடிசையை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தைப் பெற்றவர் அவர்கள். அத்துண்டு நிலத்தில் விளைந்த கிழங்கே குடும்பத்தின் உணவு. அந்நாட்டில் கோதுமையும் ஓட்சும் விளையாமல் இல்லை. அவை குத்தகைப் பணமாக மாறிப் போயின. வளர்ந்த ஆடவன் ஒருவன் நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்கும் மேற்பட்ட கிழங்கை உண்டான். உடன் சிறிது மோர். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 82 இலட்சம். அவர்களுள் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் இக்கிழங்கை நம்பியே வாழ்ந்தனர்.

ஏழைகளின் நிலங்களில் பெரும்பாலும் விளைந்தது ‘லம்பர்’ என்னும் ஒரே வகை. உருளைக்கிழங்கை விதை தூவி வளர்ப்பதில்லை. கிழங்கையே நறுக்கி நடுவர். ஆகவே ஒரு வகையைச் சேர்ந்த செடிகள் யாவும் ஒரே செடியின் மறுபிறவிகளே எனலாம். ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும் என்பதை அன்று எண்ணிப் பார்த்தவர் அரியர்.

அந்நோய் 1843இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் தென்பட்டது. 1845ஆம் ஆண்டுக் கோடையில் பெல்ஜிய நாட்டில் தோன்றி, காற்றோடு பரவி, செப்டம்பரில் அயர்லாந்தை அடைந்தது. இலையின் ஓரத்தில் பழுப்பு நிறத் திட்டு ஒன்று தோன்றும். ஈரம் மிகுந்த காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால், திட்டைச் சுற்றி வெண்மையான மென்துகள் படர்ந்திருக்கும். சில நாட்களில் வயல் முழுவதும் கருகி, அழுகல் நாற்றம் தொலைவிலேயே வீசும். நல்லவை என்று தோண்டிக் குழியில் சேமித்த கிழங்குகளும் சில வாரங்களில் கரிய கூழாய்க் கிடந்தன.

காரணம் யாது? புதிதாக ஓடத் தொடங்கியிருந்த புகைவண்டிகளால் காற்றில் மின்சாரம் மிகுந்துவிட்டது என்றனர் சிலர். இறைவனின் தண்டனை என்றனர் வேறு சிலர். அந்நாளைய இங்கிலாந்தின் புகழ்பெற்ற தாவரவியல் பேராசிரியர் ஜான் லிண்ட்லி, அளவுக்கு மிஞ்சிய மழைநீரைச் செடி உறிஞ்சியதே காரணம் என்றும், இலையில் காணும் பூசணம் அழுகியதன் விளைவே என்றும் கருதினார். அவரை அறிவிலி என்று ஒதுக்குதல் நேர்மையன்று. அழுகிய பொருளில் பூசணம் தானே தோன்றும் என்று கற்றோர் பலர் நம்பிய காலம் அது. பாஸ்டரின் ஆய்வுகள் வெளிவர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

இங்கிலாந்தின் கிங்ஸ் கிளிப் என்னும் சிற்றூரில் வாழ்ந்த மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்னும் பாதிரியார் வேறுவிதமாக எண்ணினார். திருச்சபைப் பணி போக எஞ்சிய நேரத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து பூசணங்களை ஆராய்வது அவர் வழக்கம். பூசணமே நோயின் காரணம், விளைவன்று என்று 1846 ஜனவரியில் அவர் எழுதி வெளியிட்டார். பெல்ஜியத்தில் சார்ல்ஸ் மோரன் என்பவரும் அவ்வாறே கூறினார். ஆயினும் அறிஞர் உலகம் செவிசாய்க்கவில்லை. (இலங்கைக் காப்பித் தோட்டங்களை அழித்த துருநோய்ப் பூசணத்தை 1869இல் ப்ரூம் என்பவரோடு சேர்ந்து விவரித்துப் பெயரிட்டவரும் இப்பாதிரியாரே. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள். காப்பி அழிந்த இடத்தில் தேயிலை வந்தது.)

இதனிடையே 1845 அக்டோபரில் பிரதமர் ராபர்ட் பீல், லிண்ட்லி உள்ளிட்ட மூவரை அயர்லாந்தில் ஆராயப் பணித்தார். கிழங்கை நன்கு உலர்த்துக, காற்றோட்டமுள்ள குழிகளில் சேமித்திடுக, அழுகியதைத் துருவி மாவை மட்டும் பிரித்தெடுக்க என அவர்கள் அறிவுரை வழங்கினர். வெயிலே அரிதான நாட்டில், ஓர் அறைக் குடிசையில் வாழ்பவன் மூட்டை மூட்டையாய்க் கிழங்கை எங்கே உலர்த்துவான்? காரணத்தைப் பிழையாக அறிந்தோர் கூறிய மருந்து பயன்படவில்லை.

1846ஆம் ஆண்டில் நடந்தது முந்தைய ஆண்டினும் கொடிது. ஜூலை 27ஆம் நாள் கார்க் நகரிலிருந்து டப்ளினுக்குச் சென்ற மாத்யூ பாதிரியார், வழிநெடுகிலும் செடிகள் பூத்துச் செழித்திருக்கக் கண்டார். ஆகஸ்டு 3ஆம் நாள் அதே வழியில் திரும்பியபோது அழுகல் மட்டுமே எஞ்சியிருந்தது. உழவர்கள் தம் கருகிய தோட்டத்து வேலிகளின்மேல் அமர்ந்து கைகளைப் பிசைந்துகொண்டிருந்ததை அவர் எழுதிவைத்துள்ளார்.

கிழங்கைக் கொன்றது நோய். மனிதரைக் கொன்றது நோய் மட்டுமன்று. அக்குளிர்காலத்திலும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியம் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயிற்று. பீல் அமெரிக்கச் சோளம் வாங்கி வழங்கினார். அவருக்குப்பின் வந்த அரசோ வாணிகத்தில் தலையிடலாகாது என்றது. 1847 கோடையில் கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டு நாளொன்றுக்கு 30 இலட்சம் பேர்வரை உண்டனர். அரசால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் இலையுதிர் காலத்துக்குள் அவை மூடப்பட்டன. இந்நிவாரணப் பணிகளை இலண்டன் கருவூலத்திலிருந்து இறுக்கிப் பிடித்தவர் சார்ல்ஸ் டிரெவெலியன். 1859இல் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்தவர் இவரே. பசியாலும் காய்ச்சலாலும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். 1851இல் எண்ணியபோது மக்கள்தொகை 65 இலட்சமாகச் சுருங்கியிருந்தது.

பெர்க்லி கூறியது உண்மை என்பதை 1861இல் ஐயமற மெய்ப்பித்தவர் செருமானியத் தாவரவியலறிஞர் அன்டன் டி பாரி. நலமுள்ள செடியின்மேல் அவர் நோயின் நுண்வித்துகளை இட்டார், அச்செடியும் நோயுற்றது. வித்துகள் காற்றில் பறந்துவந்து ஈர இலையில் அமர்கின்றன. குளிர்ந்த நீர்த்துளியில் ஒவ்வொன்றும் வெடித்து, வாலுடைய நீந்தும் வித்துகளை வெளியிடுகிறது. அவை இலையைத் துளைத்து நுழைய ஓர் இரவு போதும். ஒரு வாரத்துக்குள் அவ்விலையே எண்ணற்ற புதிய வித்துகளை வெளியிடும் களமாகிறது. மழை அவற்றைக் கழுவி மண்ணுக்குள் சேர்க்கக் கிழங்கும் அழுகுகிறது. குளிர்காலத்தில் நோய் உறங்கும் இடம் தோட்டத்தில் தவறிக் கிடக்கும் கிழங்கும், மூலையில் கொட்டிய கழிவுக் குவியலும். மூவர் குழு குழியையும் உலர்த்தலையும் பற்றிப் பேசியது. கேடோ அடுத்த ஆண்டுக்கென நட்ட கிழங்கிலேயே இருந்தது. 1876இல் டி பாரி இதற்கு ‘பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ்’ என்று பெயரிட்டார். முதற்சொல்லின் பொருள் ‘பயிர்கொல்லி’. இன்றைய அறிவியலார் இதனை உண்மைப் பூசணங்களோடு சேர்ப்பதில்லை. கடற்பாசிகள் சிலவற்றுக்கு நெருங்கிய உறவு என்பர். மலேசியத் தோட்டங்களில் டுரியான் மரத்தின் அடிப்பட்டையை அழுகச் செய்வதும் இக்குடும்பத்து உயிரியே. தக்காளியும் உருளைக்கிழங்கும் ஓரினச் செடிகளாதலால், ஒன்றில் தொடங்கும் கருகல் மற்றொன்றையும் தாக்கும்.

காரணம் தெரிந்தபின்னும் மருந்து தெரியவில்லை. அது தற்செயலாக, வேறொரு பயிரில் கிடைத்தது. பிரான்சின் போர்டோ வட்டாரத்தில், சாலையோரத் திராட்சைக் கொடிகளில் வழிப்போக்கர் கைவைக்காதிருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது உழவர் வழக்கம். நீலம் பூத்த இலையைக் கண்டால் நஞ்சென அஞ்சித் திருடர் விலகுவர். 1882 அக்டோபரில் அவ்வழியே சென்ற பேராசிரியர் மிலார்தே, அடிச்சாம்பல் நோயால் மற்றக் கொடிகளெல்லாம் இலையுதிர்த்து நிற்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பசுமையாய் இருப்பதைக் கண்டார். வேதியியலறிஞர் கயோனுடன் சேர்ந்து ஆராய்ந்து 1885இல் அவர் வெளியிட்டதே ‘போர்டோக் கலவை’. விரைவிலேயே அது உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் தெளிக்கப்பட்டது.

செய்முறை எளிது. ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை மற்றொரு 50 லிட்டரிலும் கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். பாத்திரம் மரமாகவோ மண்ணாகவோ இருத்தல் நலம். துலக்கிய இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பார்ப்பர். செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது, இலை கருகும். இக்கலவை காவலே அன்றி மருத்துவமன்று. இலைமேல் படிந்த செம்பு, வித்து முளைப்பதைத் தடுக்கும். உள்ளே நுழைந்துவிட்ட நோயை அது அறியாது. மழை கழுவினால் மீண்டும் தெளிக்க வேண்டும். முதல் உலகப் போரின்போது செருமனியில் செம்பு முழுவதும் படைக்கலங்களுக்குச் சென்றது. 1916இல் கருகல் கிழங்கை அழித்தது. அந்நாட்டு மக்கள் கால்நடைக்குரிய கிழங்கை உண்டு அக்குளிர்காலத்தைக் கழித்தனர்.

எப்போது தெளிப்பது என்ற வினாவுக்கு விடை வானிலையாளரிடமிருந்து வந்தது. குறைந்தது 12 மணி நேரம் வெப்பம் 10 பாகை செல்சியசுக்குக் குறையாமலும், காற்றின் ஈரம் 90 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருந்தால் நோய் பரவும் என்று அயர்லாந்து வானிலைத் துறையின் ஆஸ்டின் பர்க் வகுத்தார். 1950களில் தொடங்கிய அவ்வெச்சரிக்கைகள் அந்நாட்டு மக்களுக்கு வானொலியில் கேட்டுப் பழகியவை.

புதிய மருந்துகளும் தோன்றின, நோயும் மாறியது. 1970களின் இறுதியில் வந்த மெட்டலாக்சில் என்னும் மருந்தை 1980க்குள்ளேயே வென்ற நோய் வகைகள் அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் பரவின. மெக்சிகோவுக்கு வெளியே காணப்படாதிருந்த இரண்டாம் இனவகை 1980களில் ஐரோப்பாவில் அறியப்பட்டது. இரு வகையும் சேர்ந்தால் மண்ணிலேயே பல ஆண்டு தங்கும் வித்துகள் உண்டாகும். 2009இல் அமெரிக்காவின் வடகிழக்கில், கடைகளில் விற்ற தக்காளி நாற்றுகளோடு நோய் வீட்டுக் கொல்லைகளுக்குள் புகுந்து பெருஞ்சேதம் விளைத்தது.

செம்பு மண்ணில் சேர்ந்து மண்புழுக்களைக் கெடுப்பதால் ஐரோப்பிய நாடுகள் அதன் அளவைக் கட்டுப்படுத்தியுள்ளன. பிரிட்டனில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்குப் போர்டோக் கலவை இன்று விற்கப்படுவதில்லை. அவர்கள் நோய் தாங்கும் வகைகளை நாடுகின்றனர். ஹங்கேரியின் சார்வாரி குடும்பத்தார் உருவாக்கிய ‘சார்போ மிரா’ அவற்றுள் ஒன்று. இலையில் திட்டுக் கண்டதும் உருளைச் செடியின் தண்டை நிலமட்டத்தில் அறுத்து அகற்றி, இரண்டு வாரம் கழித்துக் கிழங்கைத் தோண்டுகின்றனர். தக்காளிக்கு நீரை வேரில் மட்டும் ஊற்றுகின்றனர். இயன்றவர் மேலே கூரையிட்டு மழையைத் தடுக்கின்றனர். தவறிய கிழங்கு அடுத்த வேனிலில் முளைத்தால் உடனே பிடுங்குகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோயுற்ற இலைகளைச் சிலர் தாளில் ஒட்டி உலர்த்திப் பாதுகாத்து வைத்தனர். 2013இல் அவ்விலைகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்கள், அயர்லாந்தை அழித்த வகையை இனங்கண்டு ‘ஹெர்ப்-1’ என்று பெயரிட்டனர். இன்றைய தோட்டங்களைக் கருக்குபவை பெரும்பாலும் அதற்குப் பின்னர்ப் பரவிய வேறு வகைகள்.